பத்து புக்னு சொன்னா இங்கிலீஷ் ஒத்துக்காது

"டேபிள் மேல பத்து புக் இருக்கு." இதை தமிழ்ல யார்கிட்ட வேணா சொல்லிப் பாருங்க, ஒருத்தரும் திருத்த மாட்டாங்க. "பத்து புத்தகங்கள் இருக்கின்றன"ன்னு சொன்னாதான் இவர் என்ன நியூஸ் வாசிக்கிறாரான்னு திரும்பிப் பாப்பாங்க. பத்துன்னு ஒரு தடவை சொல்லியாச்சு, அதுக்கு மேல புத்தகத்துக்கு ஒரு "கள்" எதுக்குன்னு தமிழ் விட்டுடும். இங்கிலீஷ் விடாது. பத்துன்னு சொன்னாலும் சரி, நிறையன்னு சொன்னாலும் சரி, அந்த புக் மேல ஒரு எஸ் ஒட்டியே ஆகணும், டென் புக்ஸ், மெனி புக்ஸ்னு. நாம இங்கிலீஷ் எழுதும்போது அடிக்கடி எஸ் விட்டுப்போறது பெரும்பாலும் இந்த தமிழ்ப் பழக்கத்தாலதான், ஏன்னா எஸ் சேர்த்தா பன்மைங்கிற ரூல் சின்ன கிளாஸ்லயே எல்லாருக்கும் தெரிஞ்சிடுது, தெரிஞ்சும் கை எழுத மாட்டேங்குது.

இதுக்கு நம்ம இலக்கணத்துலயே பேர் இருக்கு. யானை வந்தது, யானை வந்தன, ரெண்டுலயும் யானை யானைதான், வந்ததா வந்தனவான்னு பாத்துதான் ஒண்ணா பலவான்னு தெரிஞ்சுக்கணும். இந்த மாதிரி பெயரை பால்பகா அஃறிணைப் பெயர்னு நன்னூல் சொல்லுது. ஆனா மனுஷங்க விஷயத்துல தமிழ் இவ்ளோ தாராளமா இல்ல. "பத்து பையன் வந்தான்"னு சொல்லிப் பாருங்க, காதுக்கே உறுத்தும், "பத்து பசங்க வந்தாங்க"ன்னுதான் வாய்ல வரும். அதாவது கட்டாயப் பன்மைங்கிற பழக்கம் நமக்கும் இருக்கு, உயர்திணைக்கு மட்டும் வெச்சிருக்கோம். என்னைக் கேட்டா இங்கிலீஷ் பன்மையை புரிஞ்சுக்க இதைவிட சுலபமான வழி இல்ல, இங்கிலீஷ்ல நாற்காலி, பேனா, கல்லு, கொசு எல்லாமே இந்த ஒரு விஷயத்துல உயர்திணைன்னு நெனச்சுக்கோங்க. பத்து பையன் வந்தான்னு சொல்லும்போது உறுத்துதே, அதே உறுத்தல் டென் சேர்னு கேக்கும்போது இங்கிலீஷ்காரங்களுக்கு வரும்.

சரி, அடிப்படைக்கு வருவோம். ஒண்ணே ஒண்ணைக் குறிச்சா ஒருமை, அதுக்கு சிங்குலர்னு பேர். ஒண்ணுக்கு மேல போனா பன்மை, ப்ளூரல். சமஸ்கிருதத்துல ரெண்டுக்குன்னே தனியா ஒரு வடிவம் இருக்கு, அந்த தலைவலி இங்க இல்ல. ஆனா ஒரு சின்ன இடம் நிறைய பேரை மடக்கும், பூஜ்யம். ஒண்ணுமே இல்லன்னா ஒருமையா பன்மையா? இங்கிலீஷ்ல அது பன்மை, ஜீரோ புக்ஸ், ஜீரோ டிகிரீஸ்னுதான் சொல்லணும். ஒன்றரையும் பன்மை, ஒன் அண்ட் எ ஹாஃப் அவர்ஸ். அரை மணி நேரம் மட்டும் ஹாஃப் அன் அவர்னு ஒருமையிலயே நிக்கும்.

இப்ப எஸ். எழுதறப்ப ஒரே எழுத்து, ஆனா வாய்ல அது மூணு விதமா வருது, இதை ஸ்கூல்ல பெரும்பாலும் சொல்லித்தர்றதில்ல. தொண்டைல கை வெச்சுக்கிட்டு கேட்ஸ்னு சொல்லுங்க, அந்த டகரத்துல தொண்டை அதிராது, அதனால பின்னாடி வர்ற எஸ்ஸும் காத்தா "ஸ்"னு போகும். டாக்ஸ்னு நாய்க்கு பன்மை சொல்லும்போது கடைசி ககரம் தொண்டைல அதிரும், அந்த அதிர்வு எஸ்ஸையும் பிடிச்சுக்கும், தேனீ பறக்குற சத்தம் மாதிரி வரும், தமிழ்ல அதுக்கு எழுத்தே இல்ல. மூணாவது பஸ், பாக்ஸ், வாட்ச், ப்ரஷ் இந்த மாதிரி ஏற்கனவே சீறிக்கிட்டு முடியுற வார்த்தைங்க. அதுக்குப் பின்னாடி இன்னொரு "ஸ்" சொல்லிப் பாருங்க, பஸ்ஸ்ஸ்னு நீளுமே தவிர ரெண்டாவது எஸ் கேக்காது. அதனால நடுவுல ஒரு "இ" நுழைச்சு பஸ்ஸிஸ், பாக்ஸிஸ், வாட்சிஸ்னு ஆக்கிட்டாங்க. அந்த "இ"க்காகத்தான் எழுத்துல இ.எஸ். வருது. எஸ், எக்ஸ், இசட், எஸ்.எச்., சி.எச். இதுல முடிஞ்சா இ.எஸ். போடுன்னு மனப்பாடம் பண்ண வெக்கிறாங்களே, அந்த ரூலுக்கு மொத்த காரணமும் இந்த சீறல்தான். காரணம் தெரிஞ்சா விதிவிலக்கும் தானா விளங்கிடும், ஸ்டமக்ங்கிற வார்த்தை எழுத்துல சி.எச்.லதான் முடியுது, ஆனா சத்தம் "க்", சீறல் இல்ல, அதனால வெறும் எஸ் போதும், ஸ்டமக்ஸ். க்விஸ் மாதிரி சிலதுல கூடுதலா ஒரு இசட் சேர்த்து ரெண்டு இசட்டா எழுதிட்டு இ.எஸ். போடணும்.

இங்கிலீஷ் தாய்மொழியா உள்ள குழந்தைங்க இதை ரூலா படிக்கிறதே கிடையாது. 1958ல ஜீன் பெர்க்கோங்கிற மொழியியல் ஆய்வாளர் ஒரு அழகான சோதனை பண்ணாங்க. பறவை மாதிரி ஒரு கற்பனை ஜந்துவோட படத்தைக் காட்டி "இது ஒரு வக்"னு சொல்லிட்டு, அதே மாதிரி ரெண்டு இருக்குற படத்தைக் காட்டி "இப்ப ரெண்டு இருக்கு, இது ரெண்டு...?"ன்னு நிறுத்திட்டாங்க. அந்த வார்த்தை உலகத்துல எங்கயுமே கிடையாது, அந்தக் குழந்தைங்க அதுக்கு முன்னாடி கேட்டிருக்கவே முடியாது, ஆனா சின்னப் பிள்ளைங்க பல பேரு "வக்ஸ்"னு சரியா சொன்னாங்க, அதுவும் அந்த தேனீ சத்தத்தோட. அதாவது வார்த்தை வார்த்தையா மனசுல வெச்சுக்காம, அந்த ரூலையே அவங்க தலை பிடிச்சு வெச்சிருக்கு. அதே குழந்தைங்கதான் ஃபுட்ஸ், மவுஸஸ்னு தப்பாவும் சொல்லும், ரூலை நல்லா கத்துக்கிட்டதால வர்ற தப்பு அது.

ஒய்ல முடியுற வார்த்தைங்க சுலபம். ஒய்க்கு முன்னாடி மெய்யெழுத்து இருந்தா ஒய் போய் ஐ.இ.எஸ். வரும், பேபி, சிட்டி, ஸ்டோரி எல்லாம் இப்படி. முன்னாடி உயிரெழுத்து இருந்தா ஒய்யைத் தொடாதீங்க, பாய், கீ, டே எல்லாத்துக்கும் எஸ் மட்டும். ஆள் பேருக்கு இது செல்லாது, ஒரு கிளாஸ்ல ரெண்டு மேரி இருந்தா அந்த ஒய்யை மாத்தாம எஸ் மட்டும் சேர்க்கணும், பேரை யாரும் சிதைக்கக் கூடாதுங்கிற மரியாதை.

எஃப் கொஞ்சம் சுவாரஸ்யமானது. லீஃப், நைஃப், வுல்ஃப், ஷெல்ஃப், தீஃப் இதெல்லாம் பன்மைல வி ஆகி லீவ்ஸ், நைவ்ஸ், வுல்வ்ஸ்னு மாறும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்த பழைய இங்கிலீஷ்ல எஃப்ங்கிற எழுத்துக்கு ரெண்டு சத்தம் இருந்துச்சு, நம்ம பகரம் மாதிரியே. பந்துல வர்ற ப வேற, கோபத்துல வர்ற ப வேற, எழுத்து ஒண்ணுதான், ஆனா ரெண்டு உயிருக்கு நடுவுல மாட்டினா சத்தம் மென்மையாகிடுது, இல்லையா? அங்கயும் அப்படித்தான், வார்த்தைக் கடைசில எஃப் எஃப்பாவே நின்னுச்சு, பன்மை விகுதி வந்து ஒட்டும்போது அதுல ஒரு உயிர் இருந்ததால நடுவுல மாட்டி வி ஆயிடுச்சு. அந்த உயிர் அப்புறம் பேச்சுல தேஞ்சு போச்சு, வி மட்டும் தங்கிடுச்சு. சீஃப், ப்ரூஃப் எல்லாம் பிற்காலத்துல ஃப்ரெஞ்சுலேர்ந்து வந்ததுங்க, இந்த மாற்றத்துல கலந்துக்கல, அதான் வெறும் எஸ் எடுக்குது. எல்லாத்துக்கும் இந்தக் காரணம் பொருந்தும்னு நெனச்சுடாதீங்க, ரூஃப் சுத்தமான பழைய இங்கிலீஷ் வார்த்தை, இருந்தும் ரூஃப்ஸ்னுதான் எழுதுறாங்க.

ஓ-ல முடியுறதைப் பத்தி நீளமா பேச ஒண்ணுமில்ல. பொட்டேட்டோ, டொமேட்டோ, ஹீரோ, எக்கோ இதுக்கெல்லாம் இ.எஸ்., ஃபோட்டோ, பியானோ, ரேடியோ, வீடியோ இதுக்கெல்லாம் எஸ். மேங்கோவுக்கு எப்படி எழுதினாலும் சரி. முதல் நாலை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, பெரும்பாலான நேரத்துக்கு அது போதும்.

எஸ்ஸே சேராத பழைய கூட்டம் ஒண்ணு இருக்கு. மேன் மென், வுமன் விமென், ஃபுட் ஃபீட், டூத் டீத், கூஸ் கீஸ், மவுஸ் மைஸ், லவுஸ் லைஸ். உள்ள இருக்குற உயிரை மட்டும் மாத்துற வார்த்தை இப்ப மொத்தமே இந்த ஏழுதான். ஏன் இப்படின்னா, ரொம்ப ரொம்ப முன்னாடி இதுக்கும் பின்னாடி ஒரு விகுதி இருந்துச்சு, அதுல ஒரு இகரம் இருந்துச்சு, அந்த இகரம் வரப்போறதை முன்னாடியே உணர்ந்த மாதிரி நாக்கு தயாராகி முதல் உயிரை தன் பக்கம் இழுத்துக்குச்சு. நம்புறதுக்கு கஷ்டமா இருந்தா நாம பேசுறதைக் கவனிங்க, எழுதும்போது இலை, விலை, குடை, உலகம்னு எழுதுறோம், பேசும்போது எல, வெல, கொட, ஒலகம்னு வருதே, பின்னாடி வர்ற உயிர் முன்னாடி இருக்குற உயிரைப் பிடிச்சு இழுக்குறதுதான் அதுவும். இங்கிலீஷ்ல இழுத்த அந்த விகுதி காலப்போக்குல உதிர்ந்து போச்சு, இழுபட்ட உயிர் மட்டும் அப்படியே நிக்குது, இப்ப பாக்குறவங்களுக்கு காரணமே இல்லாம மாறின மாதிரி தெரியுது.

விமென்ங்கிறதுல ஒரு வம்பு, எழுத்துல கடைசி பாதிதான் மாறுது, ஆனா உச்சரிப்புல முதல் பாதிதான் நல்லா மாறும், வு போய் வி வரும். ரெண்டையும் வுமன்னே படிக்கிறவங்க நம்மள்ல நிறைய. இன்னொண்ணு, கூஸ் கீஸ்னா மாங்கூஸ் மாங்கீஸ்தானேன்னு கேக்குறவங்களும் உண்டு. மாங்கூஸ்னா கீரிப்பிள்ளை, அந்த வார்த்தை மராத்திலேர்ந்து இங்கிலீஷுக்குப் போனது, வாத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அதனால சாதாரணமா மாங்கூஸஸ்.

சைல்டு சில்ட்ரன் ஆனது தனிக் கதை. முதல்ல அதுக்கு ர் சத்தத்தோட ஒரு பன்மை இருந்துச்சு, சில்டர் மாதிரி. அது பன்மைன்னு ஜனங்களுக்கு சரியா உறைக்கல போல, அதுக்கு மேல இன்னொரு பன்மை விகுதி "என்" சேர்த்து சில்ட்ரன் ஆக்கிட்டாங்க. பன்மை மேல பன்மை. நாம பேரண்ட்ஸுங்க, ஃப்ரெண்ட்ஸுங்கன்னு சொல்றோமே, எஸ் இருக்கும்போதே "ங்க" சேர்த்து, அதேதான். அந்த "என்" விகுதி ஒரு காலத்துல எஸ்ஸுக்கு சரியான போட்டி, கண்ணு, ஷூ இதுக்கெல்லாம் கூட "என்" பன்மை இருந்துச்சு. கடைசில எஸ் ஜெயிச்சுடுச்சு, சில்ட்ரன், ஆக்ஸ் ஆக்ஸன் மாதிரி ஒண்ணு ரெண்டுலதான் அந்தப் பழசு மிச்சம். இந்தப் போட்டி எவ்ளோ குழப்பம் பண்ணுச்சுங்கிறதுக்கு இங்கிலாந்துல முதன்முதலா அச்சகம் வெச்ச வில்லியம் காக்ஸ்டன் 1490ல எழுதினது ஒண்ணு இருக்கு. வியாபாரிங்க சில பேரு கப்பலுக்கு காத்து சரியில்லாம கரைல இறங்குறாங்க, ஒருத்தர் ஒரு வீட்டுல போய் முட்டை வேணும்னு "எக்கிஸ்"னு கேக்குறாரு, அந்த அம்மா "எனக்கு ஃப்ரெஞ்சு தெரியாது"ன்னு சொல்றாங்க, எனக்கும்தான் ஃப்ரெஞ்சு தெரியாதுன்னு இவருக்கு கோவம் வருது. பக்கத்துல இருந்தவர் "ஐரன்"னு கேட்டதும் அந்த அம்மாவுக்கு சட்டுன்னு புரிஞ்சிடுது. ரெண்டு பேரும் கேட்டது முட்டைதான், பேசினது இங்கிலீஷ்தான், வார்த்தையும் வேற, பன்மை விகுதியும் வேற.

மாறவே மாறாத வார்த்தைங்களும் இருக்கு. ஷீப், டியர்ங்கிற மான், ஏர்கிராஃப்ட், சீரீஸ், ஸ்பீஷீஸ், ஒண்ணா இருந்தாலும் நூறா இருந்தாலும் அதே உருவம், வினையைப் பாத்துதான் கண்டுபிடிக்கணும், நம்ம யானை வந்தது யானை வந்தன கதையேதான். ஃபிஷ்ஷும் பொதுவா மாறாது, பல வகை மீன் இனங்களைப் பத்தி பேசும்போது மட்டும் ஃபிஷ்ஷஸ் வரும்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் ஸ்பெல்லிங் சமாச்சாரம், சந்தேகம் வந்தா டிக்ஷனரிய பாத்துக்கலாம். உண்மையான சிக்கல் எண்ண முடியாத பெயர்கள்ல இருக்கு, நல்லா படிச்சவங்களும் வழுக்குற இடம். இங்கிலீஷ் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முதல்ல ஒரு கேள்வி கேக்கும், இது எண்ணக்கூடியதா, அளக்கக்கூடியதா? தண்ணி, மணல், காத்து இதெல்லாம் அளக்குறதுன்னு யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ஆனா ஃபர்னிச்சர்? நாலு நாற்காலி ஒரு மேஜைன்னு கண்ணு முன்னாடி எண்ண முடியுதே, அப்புறம் ஏன் ஃபர்னிச்சர்ஸ்னு சொல்லக் கூடாதுன்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான். பதில் தமிழ்லயே இருக்கு, மூட்டைமுடிச்சுங்கிற வார்த்தையை எடுத்துக்கோங்க. மூணு மூட்டைன்னு சொல்வோம், மூணு மூட்டைமுடிச்சுன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? அது மொத்தத்தையும் சேர்த்து அள்ளுற வார்த்தை, உள்ள எத்தனை இருக்குன்னு அதுக்கு அக்கறை இல்ல. லக்கேஜ்ங்கிறது மூட்டைமுடிச்சு, பேக்ங்கிறது மூட்டை. ஃபர்னிச்சர்ங்கிறது தட்டுமுட்டுச் சாமான் மாதிரி ஒரு அள்ளுற வார்த்தை, சேர்ங்கிறது எண்ணுற வார்த்தை. பொருள் ஒண்ணுதான், அதை எந்த வார்த்தையால பாக்குறோம்ங்கிறதுதான் வித்தியாசம். எக்விப்மெண்ட், மெஷினரி, ட்ராஃபிக் எல்லாம் இந்த அள்ளுற ஜாதி.

இன்ஃபர்மேஷன், அட்வைஸ் ரெண்டும்தான் நம்மள அதிகமா கவுக்கும், காரணம் நாம தகவல்கள், அறிவுரைகள்னு தாராளமா பன்மை போடுறோம். இங்கிலீஷ்ல இன்ஃபர்மேஷன் தண்ணி மாதிரி, எவ்ளோ வந்தாலும் இன்ஃபர்மேஷன்தான். எண்ணியே ஆகணும்னா ஒரு பாத்திரத்துல ஊத்தி எண்ணணும், டூ பீசஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன், எ பீஸ் ஆஃப் அட்வைஸ்னு. ஹோம்வொர்க், நாலெட்ஜ், ப்ராக்ரஸ், ஈவிடன்ஸ் இதுக்கும் இதே கதி. இதுல எதுக்கும் முன்னாடி பொதுவா ஒருமைக்குப் போடுற "எ"ங்கிற ஆர்ட்டிகிளும் வராது, பின்னாடி எஸ்ஸும் வராது. மெனிக்கு பதிலா மச் போடணும்.

சில வார்த்தைக்கு ரெண்டு முகம் உண்டு. ஹேர்னா தலைமுடி மொத்தமும், அளவு. எ ஹேர், டூ ஹேர்ஸ்னா சட்டைல ஒட்டிக்கிட்டிருக்குற ஒத்தை முடி ரெட்டை முடி, அதனால "ஷி ஹேஸ் லாங் ஹேர்ஸ்"னு எழுதினா படிக்கிறவங்க மனசுல வேற ஒரு காட்சி வந்துடும். பேப்பர்னா வெறும் காகிதம், பேப்பர்ஸ்னா ஆவணங்கள். எக்ஸ்பீரியன்ஸ்னா வேலை அனுபவம், எக்ஸ்பீரியன்ஸஸ்னா வாழ்க்கைல நடந்த தனித்தனி சம்பவங்கள், பயோடேட்டால இதைக் கலந்துடாதீங்க.

இதோட ஒட்டின இன்னொரு ரூல் இருக்கு, எஸ்ஸை விட இதைத்தான் நான் முக்கியமா நெனைக்கிறேன். எண்ணக்கூடிய பெயர் ஒருமைல தனியா, எந்தத் துணையும் இல்லாம நிக்கக் கூடாது. "ஐ பாட் புக்"னு சொன்னா வாக்கியம் அரைகுறை. எ புக், தி புக், மை புக், இல்லன்னா புக்ஸ், ஏதாவது ஒண்ணு வேணும். தமிழ்ல "புக் வாங்கினேன்"னு வெறுமனே நிக்கலாம், அது ஒண்ணா நாலான்னு கேக்குறவங்க கேட்டுக்கட்டும்னு விட்டுடலாம். இங்கிலீஷ்ல வாயத் திறக்குறதுக்கு முன்னாடியே அந்த முடிவை நாம எடுத்தாகணும்.

எப்பவும் பன்மையா மட்டும் நிக்கிற கோஷ்டியும் உண்டு, கத்தரிக்கோலுக்கு சிசர்ஸ், காற்சட்டைக்கு ட்ரவுசர்ஸ், கண்ணாடிக்கு ஸ்பெக்டக்கிள்ஸ். ரெண்டு பாதி சேர்ந்த பொருளா இருக்கும், கவனிச்சுப் பாருங்க. "திஸ் சிசர்ஸ் இஸ்"னு வராது, தீஸ் சிசர்ஸ் ஆர், இல்லன்னா எ பேர் ஆஃப் சிசர்ஸ். இதுக்கு நேர் எதிரா நியூஸ், ஃபிசிக்ஸ், மீசில்ஸ் எல்லாம் எஸ் வாலை ஆட்டிக்கிட்டு பன்மை வேஷம் போடும், ஆனா ஒருமை, நியூஸ் இஸ் குட். போலீஸ், பீப்பிள் ரெண்டும் எஸ்ஸே இல்லாம பன்மை, த போலீஸ் ஆர் கமிங்.

இங்கிலீஷ் வார்த்தையை நாம தமிழ்க்குள்ள இழுத்துட்டு வரும்போது சில சமயம் எஸ்ஸோட சேர்த்தே பிடுங்கிட்டு வந்துடுறோம். "அங்க ஒரு லேடீஸ் நிக்கிறாங்க பாரு", "ஒரு ஷூஸ் காணோம்". தமிழ் பேச்சுல இது பழகிப்போச்சு, யாருக்கும் நஷ்டமில்ல, அதே வார்த்தையை இங்கிலீஷ் வாக்கியத்துல எ லேடீஸ்னு போடும்போதுதான் மாட்டிக்கிறோம், எ லேடி, எ ஷூ. இதுக்காக வெக்கப்பட வேண்டியதும் இல்ல, இங்கிலீஷ்காரங்களும் ஃப்ரெஞ்சு வார்த்தை கிட்ட இதே மாதிரி தடுமாறியிருக்காங்க, தலைகீழா. செர்ரிக்கு பழைய ஃப்ரெஞ்சு வார்த்தை "ஷெரீஸ்" மாதிரி இருந்துச்சு, அது ஒருமைதான், கடைசில சத்தம் எஸ் மாதிரி இருக்கவும் பன்மைன்னு நெனச்சு அதை வெட்டி எறிஞ்சு செர்ரின்னு புதுசா ஒரு ஒருமையை உண்டாக்கிட்டாங்க. பட்டாணிக்கு சொல்ற பீயும் இதே மாதிரி தப்புக்கணக்குல பொறந்ததுதான், அது முன்னாடி "பீஸ்"னு அள்ளுற வார்த்தையா இருந்துச்சு.

லத்தீன், கிரேக்கத்துலேர்ந்து வந்ததுங்க தன் சொந்தப் பன்மையைத் தூக்கிட்டே வந்திருக்கு. க்ரைடீரியன் ஒருமை, க்ரைடீரியா பன்மை. ஃபினாமினன், ஃபினாமினா. பாக்டீரியம், பாக்டீரியா. க்ரைசிஸ், க்ரைசீஸ். "ஒன் க்ரைடீரியா"ன்னு மீட்டிங்ல அடிக்கடி காதுல விழும், தப்புதான். டேட்டாவும் லத்தீன்ல பன்மை, இப்ப பெரும்பாலான ஜனங்க அதை தண்ணி மாதிரி அளவா பாவிச்சு டேட்டா இஸ்னு சொல்றாங்க, ஆராய்ச்சிக் கட்டுரைல டேட்டா ஆர்னு எழுதுறவங்களும் இருக்காங்க. அஜெண்டாவும் பன்மையாத்தான் பொறந்துச்சு, இன்னிக்கு யாருக்கும் ஞாபகமில்ல, அதுக்கு மேல எஸ் போட்டு அஜெண்டாஸ்னு ஆயாச்சு. ஆக்டோபஸுக்கு ஆக்டோபைன்னு சொல்லி அசத்தலாம்னு சில பேரு பாப்பாங்க, அந்த வார்த்தையோட வேர் கிரேக்கம், லத்தீன் விகுதி அதுக்குப் பொருந்தாது, பேசாம ஆக்டோபஸஸ்னு சொல்லிட்டுப் போறது நல்லது.

பெயர் பன்மையானா வினையும் அதோட போகணும். இங்கதான் எஸ் ஒரு விஷமம் பண்ணுது, பெயர்ல ஒட்டினா பன்மை, நிகழ்கால வினைல ஒட்டினா ஒருமை. த பேர்ட் சிங்ஸ், த பேர்ட்ஸ் சிங். சாதாரண வாக்கியத்துல ரெண்டுல ஒரு பக்கம்தான் எஸ் இருக்கும்னு ஞாபகம் வெச்சுக்கிட்டா பாதி தப்பு போயிடும். ஒருத்தர்கிட்ட பேசும்போதும் யூ ஆர்னு ஏன் பன்மை வினைன்னு சந்தேகம் வந்திருக்கும். யூங்கிறது முன்னாடி பல பேரைக் கூப்பிடுற வார்த்தை, ஒருத்தரைக் கூப்பிட தௌன்னு ஒண்ணு இருந்துச்சு. மரியாதைக்காக ஒருத்தரையே யூன்னு கூப்பிட ஆரம்பிச்சு, போகப்போக தௌ வழக்கத்துல இருந்தே போயிடுச்சு. நாம ஒரே ஆளை நீங்கன்னு சொல்றதும் இதே பன்மை மரியாதைதான், ஆனா நம்மகிட்ட நீ இன்னும் உயிரோட இருக்கு. அந்த மரியாதை இங்கிலீஷ்ல யூவோட நின்னுடுது, அப்பா வந்தாங்கன்னு தமிழ்ல சொல்ற நெனப்புல "மை ஃபாதர் ஹேவ் கம்"னு எழுதினா மரியாதையா எடுத்துக்க மாட்டாங்க, தப்பாத்தான் எடுத்துப்பாங்க.

ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்னு எழுதுறவங்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்ல "என் ஃப்ரெண்ட்ஸ்ல ஒருத்தன்"னு நீங்களே பன்மைலதான் சொல்றீங்க, பல பேர்ல ஒருத்தன் அவன், அப்ப அங்கயும் ஃப்ரெண்ட்ஸ்தானே வரணும். வினை மட்டும் அந்த ஒருத்தனைப் பாத்து ஒருமைல வரும், ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ். ஈச், எவ்ரி ரெண்டும் ஒவ்வொருத்தரா தனித்தனியா பாக்குறதால பின்னாடி ஒருமைதான், எவ்ரி ஸ்டூடண்ட். டென் இயர் ஓல்டு பாய்னு வயசை அடைமொழியா முன்னாடி வெச்சா இயர்ல எஸ் போயிடும், ஏன்னா அங்க இயர் பெயரா வேலை செய்யல, பையனை வர்ணிக்கிற வேலைக்கு போயிடுச்சு. ஹி இஸ் டென் இயர்ஸ் ஓல்டுன்னு தனியா சொல்லும்போது எஸ் திரும்ப வந்துடும். கூட்டு வார்த்தைல எது முக்கியமோ அதுக்கு எஸ், மதர் இன் லாவுக்கு மதர்ஸ் இன் லா, பன்மையாகுறது மாமியார்தானே, சட்டம் இல்லையே.

பன்மைக்கு அப்பாஸ்ட்ரஃபிங்கிற அந்த மேல் கொம்பு வராது. கடை போர்டுல ஃபோட்டோவுக்கு பின்னாடி ஒரு மேல் கொம்பு வெச்சு எஸ் எழுதியிருப்பாங்க, அப்படி எழுதினா ஃபோட்டோவினுடையன்னு அர்த்தம், எதனுடையன்னு தேடணும். இந்தத் தப்பு இங்கிலாந்துலயும் கடைக்கடைக்கு இருக்கு, காய்கறிக்காரர் கொம்புன்னே அவங்க அதுக்கு கேலிப் பேர் வெச்சிருக்காங்க.

பழகுறதுக்கு நான் பண்ற ஒண்ணு, எழுதி முடிச்சதும் மெயிலை அனுப்புறதுக்கு முன்னாடி பெயர்ச்சொல்லை மட்டும் பொறுக்கிப் பாப்பேன். முன்னாடி எதுவும் இல்ல, பின்னாடி எஸ்ஸும் இல்லன்னு மொட்டையா நிக்கிற வார்த்தை எதுன்னு பாத்து, இது தண்ணி ஜாதியான்னு கேப்பேன். ஆமான்னா விட்டுடுவேன், இல்லன்னா ஒண்ணா பலவான்னு முடிவு பண்ணி ஒட்ட வேண்டியதை ஒட்டிடுவேன். "ப்ளீஸ் சென்ட் டாக்குமெண்ட் அண்ட் இன்ஃபர்மேஷன்"னு நேத்து ஒண்ணு எழுதியிருந்தேன், இன்ஃபர்மேஷன் அப்படியே இருக்கலாம், டாக்குமெண்ட் மொட்டையா நின்னுச்சு, கேட்டது மூணு, எஸ் சேர்த்து அனுப்பினேன்.